நம்பிக்கையே காவல்

திருவண்ணாமலையில் மலையை வலம் வருவோர் நடக்கும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. நகரிலிருந்து புறப்பட்டு, மலையின் தென்புறத்தைக் கடந்து, மேற்கே திரும்பி நடப்பவர் ஒரு சிற்றூரை அடைவர். அதுவே அடி அண்ணாமலை. பழமையான சிவன் கோயிலும், மாணிக்கவாசகருக்கு எழுந்த தனிக் கோயிலும் உடைய ஊர் அது. நிறைநிலா நாள்தோறும் எண்ணற்ற மக்கள் அவ்வூர் வழியே நடந்து செல்கின்றனர். கார்த்திகைத் தீபத் திருநாளிலோ பல இலட்சம் பேர் மலையைச் சுற்றி வருகின்றனர். அவர்கள் யார்? எந்த ஊரினர்? அவர்கள் உள்ளத்தில் இருப்பது யாது? ஊரார் அறியார். அயலார் நடக்கும் பெருவழியின் ஓரத்திலேயே அவ்வூர்ப் பிள்ளைகள் பிறந்து வளர்கின்றனர்.

பெருவழியின் ஓரத்தில் வாழும் பெற்றோர் தம் மக்களை எவ்வாறு காக்கின்றனர்? பாதையை அடைத்தல் இயலாது. அடைத்தல் தக்கதும் அன்று. அப்பாதை பலர்க்குப் பிழைப்பைத் தருகிறது; ஊருக்குப் பெயரையும் தருகிறது. பிள்ளைகளை வீட்டினுள் பூட்டி வைத்தலும் இயலாது. சிறு வயதில் கையைப் பற்றி நடத்துகின்றனர். சற்று வளர்ந்தபின், "அறியாதவர் அழைத்தால் போகாதே, அறியாதவர் கொடுத்தால் உண்ணாதே, அச்சம் தோன்றினால் வீட்டுக்கு ஓடி வந்து சொல்" என்று கற்பிக்கின்றனர். இம்மூன்றனுள் முதல் இரண்டும் எச்சரிக்கை. மூன்றாவதே காவல்.

பெருங்கூட்டம் கூடும் நாள்களில் காவல்துறையினர் கையாளும் ஒரு முறையையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவிலும், சென்னைக் கடற்கரையில் காணும் பொங்கலன்றும், குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுவதுண்டு. அப்பட்டை குழந்தையின் காலைக் கட்டுவதில்லை, ஓடுவதையும் தடுப்பதில்லை. "நான் வழி தவறினால் என்னை யாரிடம் சேர்க்கவேண்டும்?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடையாக நிற்கிறது. கூட்டத்தில் தொலைந்த குழந்தைக்கு அந்த விடை ஒன்றே போதும்.

இன்று ஒவ்வொரு வீட்டினுள்ளும் மற்றொரு பெருவழி ஓடுகின்றது. அதன் பெயர் இணையம். அதில் நிறைநிலா நாள் என்று ஒரு நாள் இல்லை. எல்லா நாளும் திருவிழாக் கூட்டமே. முன்பு அயலாரைக் காணப் பிள்ளைகள் வாயிலைக் கடக்க வேண்டியிருந்தது. இப்பொழுது போர்வைக்குள் படுத்திருக்கும் பிள்ளையின் உள்ளங்கைக்கே அயலார் வந்து நிற்கின்றனர்.

இவ்வழி வீட்டினுள் புகுந்த காலத்தை நாம் மறந்திருக்க முடியாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி ஒருபுறமும் கைப்பேசி மறுபுறமும் வகுப்பறைகள் ஆயின. அதுவரை தந்தையின் சட்டைப் பையில் இருந்த கைப்பேசி பிள்ளையின் கைக்கு வந்தது. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன; ஆனால் கைப்பேசி பல வீடுகளில் தந்தையின் பைக்குத் திரும்பவில்லை. கருவியைக் கொடுத்தோம், அதனோடு நடக்கும் முறையைக் கற்பிக்க நமக்குப் பொழுது வாய்க்கவில்லை.

இணையம் தீயது என்று சொல்வது அறியாமை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் உள்ள தமிழர்க்கு விலையின்றி வழங்கி வருகிறது. 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில், அகராதிகளையும் பாடங்களையும் அளிக்கிறது. நூலகம் இல்லாத ஊரில் பிறந்த மாணவனும் இன்று கைப்பேசி வழியே நூலகத்தில் நுழையலாம். இத்துணை நன்மை தரும் வழியை அடைத்துவிட எண்ணுவது, கிணற்றில் விழுந்துவிடுவார்கள் என்று அஞ்சிக் கிணற்றையே தூர்ப்பது போன்றது. ஆயினும் கிணற்றுக்கு ஒரு சுற்றுச்சுவரும், நீர் இறைப்பவர்க்குச் சிறிது பயிற்சியும் வேண்டும் அன்றோ?

தெருவில் நடப்பவனுக்கு முகம் உண்டு; குரல் உண்டு; வயது தெரியும். இணையத்தில் நடப்பவனுக்கு இவை எவையும் இன்றியமையாதவை அல்ல. நாற்பது வயதினன் பதினான்கு வயதுச் சிறுமியின் பெயரையும் படத்தையும் சூடிக்கொண்டு வரலாம். வஞ்சகர் தொழில் செய்யும் முறை எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. முதலில் புகழ்வர். பிறகு பரிவு காட்டுவர். "உன் வீட்டார்க்கு உன் அருமை தெரியவில்லை" என்பர். விளையாட்டுக் காசு, சிறு பரிசு ஆகியவற்றைத் தருவர். அதன்பின் ஓர் இரகசியத்தை உண்டாக்குவர். "நாம் பேசுவதை எவரிடமும் சொல்லாதே" என்பர். பின்னர் ஒரு படத்தைக் கேட்பர். படம் கைக்கு வந்ததும் இனிய குரல் மாறும், மிரட்டல் தொடங்கும். இப்பொழுதோ செயற்கை நுண்ணறிவின் துணையால், பிள்ளை அனுப்பாத படத்தையும் அனுப்பியது போலப் படைத்துவிடுகின்றனர்.

இவ்வரிசையில் எது மிகக் கொடியது? புகழ்ச்சியா, பரிசா, படமா? "எவரிடமும் சொல்லாதே" என்ற ஒரு சொல்லே மிகக் கொடியது என்பது என் கருத்து. மற்ற அனைத்தும் அச்சொல்லின்மேல் எழுப்பிய கட்டடங்கள். அச்சொல் சரிந்தால் அனைத்தும் சரியும்.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் ஒரு மாணவியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவள் எந்த ஓர் ஊரினளும் அல்லள். எல்லா ஊரிலும் இருப்பவள். அறியாத ஒருவன் அவளுடைய படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். அவன் என்ன சொல்லி மிரட்டுகிறான் என்பதைக் கூர்ந்து கேளுங்கள். "உன்னை அடிப்பேன்" என்று அவன் சொல்வதில்லை. தொலைவில் இருக்கும் அவனால் அடிக்க முடியாது. "இதை உன் தந்தைக்கு அனுப்புவேன்" என்கிறான். அவள் நடுங்குகிறாள். அவள் நடுங்குவது அவனைக் கண்டன்று. தந்தையின் சினத்தை எண்ணி. அவன் கையில் உள்ள சாட்டை நம் வீட்டிலிருந்து எடுத்துச் சென்றதே.

அந்த அச்சம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? ஒருநாள் செய்தியில் வேறொரு பெண்ணுக்கு நேர்ந்த தீங்கைப் பற்றிச் சொன்னார்கள். "கைப்பேசியும் கையுமாகத் திரிந்தால் இப்படித்தான்" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கூறினார். சோறு உண்டுகொண்டிருந்த சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை; ஆனால் கேட்டாள். பிறர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நாம் பேசும் பேச்சிலிருந்தே நம் வீட்டுப் பிள்ளை தன் தீர்ப்பை முன்கூட்டியே அறிந்துகொள்கிறது. சொன்னால் கைப்பேசி போகும். அதனோடு தோழியர் போவர். சில வீடுகளில் படிப்பே போகும். விரைவில் திருமணம் பேசவும் தொடங்குவர். இத்தனையையும் இழப்பதைவிட அவன் கேட்பதைக் கொடுத்துவிடலாம் என்று அப்பேதைச் சிறுமி எண்ணுகிறாள். அவளைப் பேதையாக்கியது யார்?

ஆண்பிள்ளைகளின் நிலையும் இதுவே. தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து விளையாட்டுக்குப் பணம் செலவழித்த சிறுவன், அதை மறைக்க வேறொருவனிடம் கடன் கேட்கிறான். அக்கடனை மறைக்கப் பொய் சொல்கிறான். "ஆண்பிள்ளை அழலாமா?" என்று சொல்லி வளர்த்த வீட்டில் அவனுக்கு அழவும் இடமில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். சொல்ல இயலாமையால் அஃது ஆலமரமாய் வளர்கிறது.

இதற்கு மாறான ஒரு வீட்டையும் பார்ப்போம். "அம்மா, ஒரு தவறு நடந்துவிட்டது" என்று மகள் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். தாயின் நெஞ்சு பதறுகிறது. ஆயினும் அவள், "சொல், கண்ணு. என்னிடம் வந்து சொன்னாயே, அதுவே நல்லது. அப்பாவிடமும் நானே பேசுகிறேன். மூவரும் சேர்ந்து பார்ப்போம்" என்கிறாள். அந்த நொடியிலேயே வஞ்சகனின் சாட்டை அறுந்துவிடுகிறது. "உன் தந்தைக்கு அனுப்புவேன்" என்ற மிரட்டலுக்கு இனி என்ன பொருள்? தந்தைக்கு முன்பே தெரியும்!

பெரியவர்களாகிய நாம் இவ்வுண்மையை விட்டுவிட்டு வேறு ஏதேதோ தேடி ஓடியதும் உண்டு. 2017ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். 'நீலத் திமிங்கலம்' என்ற ஒரு விளையாட்டு இளைஞரை உயிர் துறக்கத் தூண்டுகிறது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், அவ்விளையாட்டுக்கான இணைப்புகளை நீக்குமாறு நடுவண் அரசு பெரிய இணைய நிறுவனங்களுக்கு எழுதியது. அத்திங்களின் இறுதியில் மதுரை மாவட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. பெற்றோர் பலர் மக்களின் கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேடினர். பின்னர் அரசு அமைத்த குழு, நிகழ்ந்ததாகக் கூறப்பட்டவற்றை ஆராய்ந்தது. அவற்றுள் எதிலும் அவ்விளையாட்டின் தொடர்பு உறுதிப்படவில்லை என்று 2018 சனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டுவது யாது? இணையத்தில் தீங்கு இல்லை என்பதன்று, தீங்கு உண்டு. ஆனால் தீங்கின் பெயர் ஆண்டுதோறும் மாறும். இன்று ஒரு விளையாட்டு, நாளை ஒரு செயலி, மறுநாள் வேறொன்று. பெயரைத் துரத்துபவன் எப்பொழுதும் ஓர் அடி பின்னால்தான் ஓடுவான். துயரத்தில் இருந்த அந்த இளைஞர் தம் உள்ளத்தை யாரிடம் திறந்திருக்கக் கூடும் என்ற கேள்வியோ எந்தப் பெயர் வந்தாலும் மாறாது. நாம் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

"அப்படியானால் பூட்டும் வேலியும் வேண்டாவா? சட்டம் வேண்டாவா?" என்று சிலர் வினவலாம். வேண்டும்; ஐயமில்லை. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. 18 வயது நிரம்பாதவர் ஆடக் கூடாது என்றும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை எவரும் ஆடக் கூடாது என்றும் 2025இல் விதிகள் வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு சூன் திங்களில் அவ்விதிகளை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஆஸ்திரேலியாவோ 2025 டிசம்பர் 10 முதல், 16 வயது நிரம்பாதவர் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்குமாறு சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டுள்ளது.

இவை அனைத்தும் நல்ல வேலிகள். வேலி பயிருக்கு வேண்டுவதே. ஆயினும் வேலி மட்டும் பயிரை வளர்ப்பதில்லை. வேலியைத் தாண்டும் ஆடும் உண்டு. பிறந்த ஆண்டை மாற்றி எழுதுவது சிறுவர்க்கு அரிய செயலன்று. வீட்டில் கைப்பேசியைப் பூட்டினால் தோழனின் கைப்பேசி இருக்கிறது. இலண்டனைச் சேர்ந்த அறிஞர் சோனியா லிவிங்ஸ்டனும் அவருடன் பணியாற்றியோரும் ஐரோப்பிய நாடுகளின் பிள்ளைகளிடையே நெடுங்காலம் ஆராய்ந்தனர். கட்டுப்பாடு ஒன்றையே கையாளும் வீடுகளில் ஆபத்துக் குறைகிறது. ஆனால் அதனோடு பிள்ளைகள் பெறும் நன்மையும் குறைகிறது என்று அவர்கள் கண்டனர். உடனிருந்து பேசி வழிகாட்டும் வீடுகளில் பிள்ளைகள் மிகுதியாகக் கற்கின்றனர். சிறிது ஆபத்தையும் சந்திக்கின்றனர். நீந்தக் கற்பவன் சிறிது நீரைக் குடிக்கத்தான் செய்வான். கரையில் தந்தை நிற்கிறாரா என்பதே கேள்வி.

இன்னும் சிலர், "நம்பி விட்டுவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவர்" என்பர். நம்புதல் வேறு, விட்டுவிடுதல் வேறு. விட்டுவிடுபவர் பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்பதே இல்லை. நம்புபவர் நாள்தோறும் கேட்கிறார். ஆனால் நண்பராகக் கேட்கிறார். திருவள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரை மீண்டும் ஐயுறுவதும் துன்பத்திற்கு வழி என்று அவர் இரண்டையும் ஒருங்கே வைத்துக் காட்டினார். இவற்றுள் முன்னது இணையத்தில் அயலாரை எதிர்கொள்ளும் மாணவர்க்கு உரிய பாடம். பின்னது, தம் மக்களை எதிர்கொள்ளும் பெற்றோர்க்கு உரிய பாடம். பிள்ளை உறங்கும்போது அவன் கைப்பேசியைத் திருட்டுத்தனமாகத் திறந்து படிக்கும் தந்தை, ஒரு செய்தியை அறிந்துகொள்ளலாம்; ஆனால் மகன் தானே வந்து சொல்லியிருக்கக்கூடிய நூறு செய்திகளை இழந்துவிடுகிறார்.

ஆதலின் வீட்டில் விதிகள் இருக்கட்டும். அவை மறைவில் இடும் பொறியாக இராமல் வெளிப்படையாக வகுத்தவையாக இருக்கட்டும். உணவு உண்ணும்போது கைப்பேசி வேண்டா என்பது விதியானால், அது தந்தைக்கும் விதியாகட்டும். இரவு ஒன்பது மணிக்குப்பின் எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஒரே இடத்தில் உறங்கட்டும். "இந்தச் செயலி எப்படி இயங்குகிறது? எனக்குச் சொல்லிக் கொடு" என்று தாய் மகளிடம் கேட்கட்டும். கற்பிக்கும் பெருமையை ஒருமுறை பெற்ற பிள்ளை, ஐயம் தோன்றும்போது தானே வந்து கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விதியை ஒவ்வொரு வீடும் தனக்கு விதித்துக்கொள்ளல் வேண்டும்: உண்மையைச் சொன்னதற்காக எந்தப் பிள்ளையின் கைப்பேசியும் பறிக்கப்படாது. தவறுக்குத் திருத்தம் உண்டு. சொன்னதற்குத் தண்டனை இல்லை. சொன்னவுடன் தண்டிக்கும் வீடு பிள்ளைக்கு ஒழுக்கத்தைக் கற்பிப்பதில்லை. அடுத்த முறை சொல்லாமலிருக்கவே கற்பிக்கிறது.

இதனை நாட்டின் சட்டமும் உணர்ந்துள்ளது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் நாளில், நடைமுறைக்கு வந்தது. இணையத்தின் வழியே நிகழும் குற்றங்களும் அதன் எல்லைக்குள் அடங்கும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்தல் வேண்டும். காவலர் சீருடையில் வருதல் கூடாது. பெற்றோரோ, குழந்தை நம்பிக்கை வைத்துள்ள வேறொருவரோ உடனிருத்தல் வேண்டும். குழந்தையின் பெயரையும் முகவரியையும் பள்ளியையும் செய்தித்தாள்கள் வெளியிடலாகாது. 'நம்பிக்கை' என்ற சொல்லுக்குச் சட்டமே இடம் தந்திருப்பதைக் காணுங்கள். அச்சமின்றிப் பேசினாலன்றி உண்மை வெளிவராது என்பதை அறிந்தே சட்டம் இயற்றியோர் இவ்வாறு வகுத்தனர். காவல் நிலையத்திற்கே சட்டம் விதிக்கும் இம்மென்மை, பெற்ற வீட்டில் இல்லாமற் போகலாமா?

தமிழ்நாட்டில் தொடங்கிய ஒரு வழக்கில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குழந்தைகளை இழிவுபடுத்தும் படங்களை வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று விளக்கிய அந்நீதிமன்றம், அத்தகைய படங்களைக் குறிக்க வழங்கிவந்த பழைய சொல்லையும் மாற்றச் சொன்னது. குழந்தையைச் சுரண்டிக் கொடுமை செய்த பொருள் என்ற கருத்துத் தோன்றுமாறு குறிப்பிடவேண்டும் என்றது. ஏன்? பெயரிலேயே குற்றம் யாருடையது என்பது தெளிவாதல் வேண்டும். குற்றம் செய்தவன் வஞ்சகன்; ஏமாந்த குழந்தை குற்றவாளி அன்று. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொன்ன இவ்வுண்மையை வீட்டுக் கூடத்திலும் நாம் சொல்லப் பழகவேண்டும்.

மாணவ நண்பர்களே, இதுகாறும் பெற்றோரின் கடமையைப் பேசினோம். உங்கள் கடமையும் உண்டு. நம்பிக்கை இருவர் பிடிக்கும் கயிறு. ஒரு முனை உங்கள் கையில் இருக்கிறது. நேரில் அறியாத எவரும் "இதை வீட்டில் சொல்லாதே" என்று சொன்னால், அந்நொடியே அதை வீட்டில் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் மறுமொழி எழுதாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள், அச்சத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சான்று. பெற்றோரிடம் சொல்ல இயலாவிட்டால் பாட்டியிடமோ, அத்தையிடமோ, ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வாயால் சொல்ல இயலாததை எழுதி அதில் இடலாம்.

சில எண்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 1996இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய குழந்தைகள் உதவி எண் 1098. இணையக் குற்றங்களைத் தெரிவிக்க 1930. தமிழ்நாட்டு மாணவர்க்கு வழிகாட்ட 14417. உள்ளம் சோர்ந்து வாழ்வே கசக்கும்போது பேசுவதற்கு 14416. தம் படம் பரவிவிடுமோ என்று அஞ்சும் 18 வயது நிரம்பாதவர்க்கு, அமெரிக்க நாட்டின் குழந்தைகள் காப்பு மையம் ஒன்று 'டேக் இட் டவுன்' என்ற சேவையை நடத்துகிறது. அதற்குப் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து கணிக்கப்படும் ஓர் எண்முத்திரை மட்டுமே செல்கிறது. அதில் சேர்ந்துள்ள சமூக ஊடகங்கள் அம்முத்திரையைக் கொண்டு படத்தைக் கண்டு நீக்குகின்றன. படம் பரவினால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டா, எதுவும் முடிந்துவிடவில்லை.

மற்றொரு கடமை நட்பைப் பற்றியது. திருவண்ணாமலையில் மாணிக்கவாசகர் பாடியதாக மரபு கூறும் திருவெம்பாவையில், விடியற்காலையில் நீராடச் செல்லும் பெண்கள் வீடு வீடாகச் சென்று உறங்கும் தோழியரை எழுப்புகின்றனர். எழாதவளைக் கேலி செய்கின்றனர். ஆனால் விட்டுவிட்டுப் போவதில்லை. இருபது பாடல்களிலும் அவர்களின் குரல் கூட்டுக் குரலாகவே ஒலிக்கிறது. உங்கள் தோழி சில நாள்களாக வாடியிருக்கிறாளா? தோழன் கைப்பேசி ஒலித்தாலே நடுங்குகிறானா? அவர்கள் வாயிலில் நின்று அழையுங்கள். அவர்களைப் பற்றிய ஒரு படமோ இழிசொல்லோ உங்கள் கைக்கு வந்தால், அதை அடுத்தவர்க்கு அனுப்பாதீர்கள். ஒரு படம் ஆயிரம் பேர்க்குப் பரவுகிறது என்றால், பெரும்பாலும் பலர் அதைக் கைமாற்றி அனுப்பியிருப்பர். அவருள் ஒருவராக இராதிருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

நாளை நீங்களும் பெற்றோர் ஆவீர்கள். அன்று இணையம் எவ்வடிவில் இருக்கும் என்பதை இன்று எவரும் சொல்ல இயலாது. புதிய கருவிகள் வரும். புதிய வஞ்சகங்களும் வரும். புதிய பூட்டுகள் செய்யப்படும். அவற்றைத் திறக்கும் கள்ளச் சாவிகளும் தோன்றும். ஆயினும் அஞ்சிய பிள்ளை ஓடி வந்து, "எனக்கு இப்படி நேர்ந்துவிட்டது" என்று சொல்லக்கூடிய வீடு எக்காலத்திலும் வேண்டும். அத்தகைய வீட்டை ஒருநாளில் கட்ட முடியாது. சிறிய செய்திகளைச் சினமின்றிக் கேட்டுக் கேட்டே அதனைக் கட்டல் வேண்டும். இன்று மாலை வீடு திரும்பியதும், இன்றைய நாளில் நிகழ்ந்த ஒன்றைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். அவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், சற்றே கீழே வைத்துவிட்டுக் கேட்குமாறு அன்போடு வேண்டுங்கள்.